கள்ளிலிருந்து பீருக்கு: நாக்கு மாறியதும் நம் வரியும்

பீர் விற்க நமக்கு உரிமை கிடையாது. ஆயினும் குடிப்பவரின் நாக்கு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது ஜேடர்பாளையத்து மளிகைக் கடைக்காரரின் கல்லாவையும் தொடும் விஷயம். சனிக்கிழமை மாலையில் மிக்சரும் முறுக்கும் நகர்கிற வேகத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நமது பகுதி அன்று சேலம் ஜில்லா. குடி என்றால் பனங்கள், தென்னங்கள். காலையில் இறக்கியது இனிக்கும்; மாலைக்குள் புளித்து, நூற்றுக்கு நான்கைந்து பங்கு ஆல்கஹால் ஏறிவிடும். இன்றைய சாதா பீரின் வீரியமும் ஏறத்தாழ அதுவே. பீரோ அந்நாளில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்கான சரக்கு. பட்டாளம் இருந்த ஊர்களுக்குப் பீப்பாய்களில் மாட்டு வண்டியேறிப் போனது. நம் குடியானவர் அதைக் கண்ணால் கண்டதும் இல்லை.

1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜியின் மந்திரிசபை சென்னை மாகாணத்தில் மதுவிலக்கை முதன்முதலாக நம் சேலம் ஜில்லாவில்தான் கொண்டுவந்தது. கள்ளுக்கடைகள் மூடின. வியாபாரிகளுக்கு முக்கியமான செய்தி இதற்குப் பின்னால் வருகிறது. கள், சாராய வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரி அது. அவன் குடிப்பதை நிறுத்தினான், நாம் வரி கட்டத் தொடங்கினோம்! பின்னர் கள்ளுக்கடை திறந்த காலங்களிலும் அந்த வரி மட்டும் திரும்பிப் போகவில்லை.

1948-ல் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் வந்தது. பெர்மிட் வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே சீமைச் சரக்கு. மற்றவர்களில் பலர் டீயோடும் கோலி சோடாவோடும் நின்றார்கள். சிலர் கள்ளச்சாராயத்துக்குப் போனார்கள். அதன் ஊறலுக்கு வெல்லம் வேண்டும். வெல்லம் காய்ச்சும் இந்த வட்டாரத்து வியாபாரிகள் அதன் பொருளை நன்கறிவார்கள்.

1971-ல் கடைகள் திறந்தன. 1974-க்குள் மறுபடி மூடின. 1981-ல் மறுபடி திறந்தன. 1983-ல் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 1987 முதல் கள்ளுக்குத் தடை. பாட்டில் சரக்குக்குக் கடை உண்டு, மரத்துச் சரக்குக்கு இல்லை என்றானது. 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் வசமே. ஆக, கள் குடித்த நாக்கு பீருக்கு வந்ததில் ருசியின் பங்கைவிடச் சட்டத்தின் பங்கே பெரிது என்பது நமது கருத்து.

பீருக்குள்ளேயே இன்னொரு மாற்றமும் நடந்தது. புதிதாகக் குடிக்க வரும் இளைஞனுக்குப் பீர் கசக்கும். ஜில்லென்று இருப்பதால்தான் தொண்டையில் இறங்கும். சில காலம் போனதும் அவன் நம்மைப் போலவே கணக்குப் போட ஆரம்பிக்கிறான். 650 மில்லி பாட்டிலில், நூற்றுக்கு 5 வீதமுள்ள சாதா பீர் என்றால் ஆல்கஹால் 32 மில்லி சொச்சம். 8 வீதமுள்ள ஸ்ட்ராங் என்றால் 52 மில்லி. விலை வித்தியாசம் சொற்பம். எனவே ஸ்ட்ராங் பக்கம் சாய்கிறான். இந்தியாவில் விற்கும் பீரில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் ஸ்ட்ராங்தான். குளிர்ச்சிக்காகத் தொட்டது போதைக்காக என்று மாறிவிடுகிறது. கணக்கு அங்கேயும் நிற்பதில்லை. 180 மில்லி குவார்ட்டர் பிராந்தியில் 77 மில்லி இருக்கிறது. பீரில் தொடங்கிய பலர் குவார்ட்டருக்குப் போவதற்கு இந்தப் பெருக்கல் கணக்கும் ஒரு காரணம். அப்படிப் போன வீட்டில், நமது பற்றுக் கணக்குதான் முதலில் நீளும்.

வெயில் காலத்தில் பீர் பக்கம் கூட்டம் கூடும். பக்கவாத்தியச் சரக்கும் கூடவே நகரும். கொள்முதலைப் பங்குனியிலேயே திட்டமிடுவது நல்லது. ஒன்றை மறக்க வேண்டாம்: 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர் பாக்கெட்டும் தடை செய்யப்பட்டவை. வாடிக்கையாளர் கேட்டார் என்று வைத்து விற்றால் சரக்கும் போகும், அபராதமும் வரும். தெரிந்தவருக்காக ஒரு பாட்டிலை வாங்கிவைத்து விற்பதும் வேண்டாம். அதற்கு வழக்குப் போடும் சட்டம், சேலத்துக்காக இயற்றப்பட்ட அதே 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம்தான். திருத்தங்களோடு இன்றும் அமலில் இருக்கிறது.

கள்ளுக்கான தடையை நீக்கக் கோரி நல்லசாமி அவர்களின் கள் இயக்கம் நமது கொங்குப் பகுதியில் பல்லாண்டாகக் குரல் கொடுத்து வருகிறது. தடை நீங்கினாலும், பனையேற ஆள் கிடைப்பது தனிப் பாடு.

வரிக் கதையின் மீதியையும் சொல்லிவிடுவோம். 1939-ல் வந்த விற்பனை வரி, 2007-ல் வாட் ஆகி, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி ஆனது. மிக்சருக்கும் சோடாவுக்கும் நாம் அதைக் கட்டுகிறோம். எந்த வருமானம் போனதால் இந்த வரி பிறந்ததோ அந்த மதுவுக்கு மட்டும் ஜிஎஸ்டி கிடையாது. அதன்மேல் வரி விதிக்கும் உரிமையை மாநில அரசு தன்னிடமே வைத்திருக்கிறது.