விமானம் 4 மணி நேரம். வீடு வந்து சேர 12 மணி நேரம்!

சங்கரன்கோவில்:

துபாயில் இருந்து நேரடி விமானம் கிடைத்தால் 4 மணி நேரத்தில் மதுரை வந்துவிடலாம். ஆனால் அங்கே அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் சங்கரன்கோவில்காரர், சொந்த வீட்டு வாசலை மிதிக்க 12 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

ஆடித்தபசுக்கு லீவில் வருகிறவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. வீட்டில் ஒரு சாவு விழுந்தால்தான் சங்கடம். "மகன் எத்தன மணிக்கு வாரான்? எப்ப எடுக்கலாம்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஐஸ் பெட்டிக்குச் சொல்வதும், வெளியூர் சொந்தங்களுக்குத் தகவல் கொடுப்பதும் இந்த நேரத்தை வைத்துத்தான். அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

கடிகாரம் செய்யும் வேலை

துபாய் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். டிக்கெட்டில் ஏறும் நேரம் அந்த ஊர் நேரம். இறங்கும் நேரம் நம்ம ஊர் நேரம். இரவு 10 மணிக்குக் கிளம்பும் விமானம் 3-30 மணிக்கு இறங்கும். "அஞ்சரை மணி நேரம்லா ஆவுது!" என்பார்கள். பறந்தது 4 மணி நேரம்தான்.

போகும்போது நேர்மாறு. காலை 10 மணிக்கு ஏறினால் பகல் 12-30க்கு துபாய்! இரண்டரை மணி நேரத்தில் போய்விட்டதாக டீக்கடையில் அளப்பவர்களும் உண்டு.

ஆகாயத்தில் ஒரே தூரம்

இந்த ஊர்க்காரர்களுக்கு மதுரை, திருவனந்தபுரம் என்று இரண்டு வாசல். இரண்டுக்கும் துபாயில் இருந்து ஆகாய தூரம் ஏறத்தாழ 2,950 கிலோ மீட்டர்தான்.

வித்தியாசம் எல்லாம் தரையில். மதுரைக்கு ராஜபாளையம், திருமங்கலம் வழியாக சுமார் 120 கி.மீ. திருவனந்தபுரத்துக்கு தென்காசி, செங்கோட்டை தாண்டி மலைப்பாதையில் சுமார் 150 கி.மீ. ஆனாலும் மலை தாண்டுகிறவர்கள் நிறைய. திருவனந்தபுரம் 1991-லேயே சர்வதேச விமான நிலையம் ஆகிவிட்டது. வளைகுடா விமானங்களும் அங்கே அதிகம். மதுரையில் இருந்து முதல் வெளிநாட்டு விமானம் கொழும்புக்குப் பறந்ததே 2012-ல்தான்!

இன்னும் கிட்டத்தில் இருப்பது தூத்துக்குடி வாகைக்குளம். 2025 ஜூலையில் அங்கே புதிய முனையம் திறந்தார்கள். 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டர் ஆனது. ஆனால் அன்றைக்கும் வெளிநாட்டு விமானம் எதுவும் விடவில்லை.

சரியான கணக்கு

துபாயில் மாலை 6 மணிக்கு அறையை விட்டுக் கிளம்பினால் 7 மணிக்கு விமான நிலையம். சோதனை, வரிசை எல்லாம் முடித்து இரவு 10 மணிக்கு விமானம். நம்ம நேரம் 3-30க்கு மதுரை. பாஸ்போர்ட் முத்திரை, பெட்டி, சுங்கம் என்று வெளியே வர 4-30 ஆகிவிடும். கார் தயாராக நின்றால் ஏழரை, எட்டு மணிக்கு வீடு.

நேரடி விமானத்தில் இடம் இல்லை, சென்னை டிக்கெட்தான் கிடைத்தது என்றால் கணக்கே வேறு. பொதிகை எக்ஸ்பிரஸ் சென்னையில் கிளம்புவது இரவில். விடியற்காலை விமானத்தில் இறங்கியவர் அந்த ரயிலை நம்பினால், பகல் முழுக்கக் காத்துக் கிடக்கவேண்டும். அவர் சங்கரன்கோவில் ஸ்டேஷனில் இறங்குவது மறுநாள் காலையில்தான்.