பிஸ்கட்டால் சாகும் கரடி!

குழாய் இல்லை. மின்சார விளக்கு இல்லை. கட்டில் இல்லை. கடையும் இல்லை.

ஆனாலும் மக்கள் குடும்பம் குடும்பமாக அங்கே போகிறார்கள். கூடாரம் அடித்துத் தூங்குகிறார்கள். பொழுது விடிந்ததும் மூட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு, காட்டுப் பாதைகளில் நடக்கிறார்கள்.

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள யோசமைட்டி மலைக்காட்டில் இப்படிப்பட்ட கூடாரத் திடல்கள் இருக்கின்றன. 1890-ம் ஆண்டில் இந்தக் காடு தேசியப் பூங்கா ஆயிற்று. இதன் பரப்பு சுமார் 3 ஆயிரம் சதுர கிலோ மீட்டர்.

ஜனாதிபதி படுத்த காடு

1903-ம் ஆண்டு மே மாதம் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இங்கே வந்தார். இயற்கை அறிஞர் ஜான் மியூருடன் 3 இரவுகள் காட்டில் தங்கினார். ஓர் இரவு பனி கொட்டியது. கம்பளிக்குள் படுத்திருந்த ஜனாதிபதிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை!

ஓடைத் தண்ணீர்

மலை ஓடையில் தண்ணீர் கண்ணாடி போல ஓடும். ஆனால், அப்படியே குடிக்கக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதில் இருக்கலாம். வயிற்றுப்போக்கு வரும்.

உயரமான மலையில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஆகவே, 6,500 அடி உயரத்துக்கு மேலே, கொதி வந்த பிறகும் 3 நிமிடம் கொதிக்கவிட வேண்டும்.

இரும்புப் பெட்டி

இங்கே கருங்கரடிகள் உண்டு. மோப்பம் பிடிப்பதில் அவை சூரர்கள்! பிஸ்கட், பழம் மட்டும் அல்ல. சோப்பு, பற்பசை வாசனைக்குக்கூட தேடி வரும்.

ஆகவே, கூடாரத் திடல்களில் இரும்புப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். வாசனை உள்ள பொருள் எல்லாவற்றையும் அதில் வைத்து மூடவேண்டும். நடுக்காட்டில் தங்கப் போகிறவர்கள், கரடியால் திறக்க முடியாத உறுதியான டப்பாவில் உணவை எடுத்துச் செல்லவேண்டும். இது சட்டம்!

1998-ம் ஆண்டில் மட்டும் 1,500-க்கும் அதிகமான தடவை கரடிகள் சேதம் விளைவித்தன. தின்பண்டம் இருந்த கார்களை உடைத்துத் திறந்தன! பெட்டிகளும் கண்டிப்பும் பெருகிய பிறகு, அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

யார் குற்றவாளி?

மனிதரின் உணவை ருசி கண்ட கரடி, மறுபடியும் கூடாரத்தைத் தேடி வரும். அதற்குப் பயம் போய்விடும். தாயைப் பார்த்துக் குட்டியும் கற்றுக்கொள்ளும். ஆட்களுக்கு ஆபத்து என்ற நிலை வந்தால், அந்தக் கரடியை அதிகாரிகள் கொல்ல நேரிடுகிறது.

பிஸ்கட்டை மறந்து வைத்தவர் மறுநாள் வீட்டுக்குப் போய்விடுவார். உயிரை விடுவது கரடி!