குப்பை எங்கே பிறக்கிறது?

ஜவ்வரிசிப் பாயசம் பிடிக்காத குழந்தை உண்டா? வெயில் காலம் வந்துவிட்டால் மொட்டை மாடியில் ஜவ்வரிசி வடாம் காயாத தெருதான் உண்டா? முத்து முத்தாக, வெள்ளை வெளேரென்று கடையிலிருந்து வந்து சேரும் அந்தச் சாமானுக்குப் பின்னால் எத்தனை கழிவு இருக்கிறது என்பதை மட்டும் நாம் யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டுமானால் சேலத்திலிருந்து தர்மபுரி போகும் சாலையில் ஓமலூர் வரையில் போக வேண்டும். வாருங்கள், ஒரு நடை போய் வரலாம்.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது கடல் கடந்து வரும் ஜவ்வரிசி நின்று போயிற்று. 1943-ஐ ஒட்டிய அந்த நாட்களில்தான் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் வேர் விட்டது. அங்கே அதைக் குச்சிக்கிழங்கு என்பார்கள். பிற்பாடு தொழில் வளர்ந்து, 1981-ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமும் சேலத்தில் ஏற்பட்டது. இன்று சேலம், நாமக்கல் சமவெளியில் இது பெரிய தொழில்.

கிழங்கைக் கழுவித் தோலுரித்து அரைக்கிறார்கள். பாலை வடிகட்டித் தொட்டியில் தெளிய வைத்தால் மாவு அடியில் தங்குகிறது. அதை உருட்டி, வறுத்து, வெயிலில் காய வைத்தால் ஜவ்வரிசி. மிச்சம் நிற்பவை மூன்று: தோல், சக்கை, தண்ணீர். சக்கைக்கு அங்கே திப்பி என்று பெயர்.

இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்து வாய்க்காலில் விட்டுவிட்டால் என்ன ஆகும்? மாவுச் சத்து கலந்த தண்ணீர் புளித்து அழுகும். நீரிலுள்ள பிராணவாயுவை அந்த அழுகலே குடித்துவிடும். மீன் செத்து மிதக்கும். காற்று வீசும் திசையில் இருக்கும் வீடுகளில் சாப்பாட்டு வேளையில் கூட ஜன்னலைத் திறக்க முடியாது.

அதே மூன்றையும் பிரித்து வைத்தால்? திப்பி காய்ந்து மாட்டுத் தீவனமாக விலை போகிறது. தோல் எருவாகிறது. தண்ணீரை மூடிய தொட்டியில் தேக்கினால் எரிவாயு கிடைக்கிறது. சேலம் வட்டாரத்தில் எத்தனையோ ஆலைகளில் அந்த வாயுவே அடுப்பை எரிக்கிறது. கழிவு ஒன்றேதான், கலந்தால் குப்பை, பிரித்தால் சரக்கு!

ஆலைக்குப் பொருந்தும் இந்த நியாயம் அடுக்களைக்கும் பொருந்தும். குப்பை தெருவில் பிறப்பதில்லை, சகோதரிகளே. கத்தரிக்காய்க் காம்பையும், கிழிந்த பாலித்தீன் பையையும், உடைந்த பல்பையும் ஒரே வாளியில் போடுகிறோமே, அந்த ஒரு நிமிஷத்தில் நம் வீட்டில்தான் அது பிறக்கிறது.

நம் பாட்டிமார் காலத்தில் இந்தச் சங்கடம் இல்லை. அரிசி களைந்த தண்ணீரும் காய்கறித் தோலும் கழுநீர்ப் பானைக்குப் போயின, பசு குடித்தது. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கியது. பழைய பித்தளை பேரீச்சம்பழமாக மாறித் திரும்பி வந்தது. படித்த பத்திரிகை மளிகைக் கடையில் பொட்டலமாயிற்று.

அந்தக் காலம் எல்லாவிதத்திலும் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. வீட்டின் பின்கட்டிலிருந்து மலத்தைத் தலையில் சுமந்து போக, பிறப்பின் பெயரால் ஒரு சாராரை ஒதுக்கி வைத்திருந்த காலமும் அதுதான். கையால் மலம் அள்ள மனிதரை அமர்த்துவதை 2013-ல் வந்த சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆனால் "நான் போடுகிறேன், வேறு யாராவது அள்ளட்டும்" என்ற மனோபாவம் சட்டத்தால் மட்டும் போய்விடுமா?

இன்று நம் வாசலுக்கு வரும் தூய்மைப் பணியாளரைப் பாருங்கள். அவர்களில் பலர் நம்மைப் போல வீட்டில் உலை வைத்துவிட்டு வந்த பெண்கள். நாம் கலந்து கட்டிய மூட்டையை அவர்கள் அவிழ்த்துப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அதில் சவரத் தகடு இருக்கும். உடைந்த கண்ணாடி இருக்கும். மருந்து ஊசி இருக்கும். காகிதத்தில் சுற்றாமல் எறிந்த மாதவிடாய்த் துணியும் குழந்தையின் டயாபரும் இருக்கும். வாய்விட்டுப் பேச நாம் கூசுகிற ஒன்றை இன்னொரு பெண் வெறுங்கையால் தொடும்படி செய்யலாமா? கையுறை தர வேண்டியது ஊராட்சியின் கடமை. அந்தக் கைக்கு எது வந்து சேர வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது.

வண்டி போன பிறகு அந்த மூட்டை என்ன ஆகிறது? பிளாஸ்டிக் பைக்குள் காற்றில்லாமல் அழுகும் சோறும் காயும் மீத்தேன் என்ற வாயுவைக் கக்குகின்றன. குப்பை மேடுகள் தீப்பிடித்தால் நாள் கணக்கில் புகைவது இதனால்தான். மழை பெய்தால் மேட்டிலிருந்து கறுப்புச் சாறு இறங்கிக் கிணற்றுக்கும் ஆற்றுக்கும் போகிறது. சேர்வராயன் மலையில் தோன்றி ஓமலூர் வழியாக எடப்பாடி பக்கம் போகும் சரபங்காவும், சேலம் நகருக்குள் ஓடும் திருமணிமுத்தாறும் கடைசியில் காவேரியில்தான் கலக்கின்றன. நாம் கரையில் கொட்டியது கீழே எவர் வீட்டுக் குடத்திலோ ஏறுகிறது.

குப்பை உயர்ந்தால் கோபுரம் தாழும் என்று ஒரு பேச்சு உண்டு. இலங்கையில் அது பேச்சாக நிற்கவில்லை. கொழும்பு நகரை அடுத்த மீதொட்டமுல்லவில் குப்பை நூறு அடிக்கும் மேல் மலையாகக் குவிந்து கிடந்தது. பக்கத்துக் குடியிருப்பில் இருந்தவர்கள் வருஷக்கணக்கில் முறையிட்டுப் பார்த்தார்கள். 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, அந்த மலை சரிந்து வீடுகள் மேல் விழுந்தது. முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பண்டிகைச் சமையல் நடந்த வீடுகளை ஊரின் எச்சில் மூடிவிட்டது.

பயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பிரித்துக் கொடுத்தால் மலை வளராது என்பதற்கும் நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. அப்போது நகராட்சியாக இருந்த நாமக்கல், 2000-த்தின் தொடக்க ஆண்டுகளிலேயே வீடு வீடாகக் குப்பையைப் பிரித்து வாங்கி எருவாக்கும் ஏற்பாட்டால் பெயர் வாங்கியது. 2016-ல் வந்த மத்திய அரசின் விதிகளும் வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டும் என்று சொல்லின. ஒரு தடவை உபயோகித்து எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் பழைய மஞ்சப்பைக்கே மறுபடியும் மரியாதை வந்தது.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மூன்று பாத்திரம் போதும்.

முதலாவது, ஈரம்: காய்கறித் தோல், மிஞ்சிய சோறு, வாடிய பூ. வீட்டுக் குப்பையில் பாதிக்குப் பாதி இதுதான். இடமிருந்தால் பழைய மண்பானையில் பக்கவாட்டில் துளையிட்டு, அடியில் தென்னை நார் பரப்பி, தோல் ஒரு கை, காய்ந்த சருகு ஒரு கை என்று மாற்றி மாற்றிப் போட்டு வாருங்கள். புளித்த மோர் கொஞ்சம் தெளித்து, வாரம் இரு முறை கிளறிவிட்டால் இரண்டு மாதத்துக்குள் மண் வாசனையோடு எரு தயார். நாற்றம் அடித்தால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். இன்னும் சருகு போடுங்கள். துளசி மாடத்துக்கும் மல்லிகைக்கும் இதைவிட நல்ல உரம் கடையில் கிடையாது.

இரண்டாவது, உலர்ந்தது: காகிதம், பால் கவர், டப்பா, பாட்டில். பால் கவரை ஒரு தடவை அலசிக் காயப் போட்டால் பழைய சாமான்காரருக்கு அது பணம். அலசாவிட்டால் வெறும் நாற்றம்.

மூன்றாவது, ஆபத்தானது: ஊசி, தகடு, பல்பு, பாட்டரி, காலாவதியான மருந்து. மாதவிடாய்த் துணியையும் டயாபரையும் காகிதத்தில் சுற்றி, மேலே அடையாளம் தெரியும்படி ஒரு சிவப்புக் கோடு போட்டுத் தனியாகக் கொடுங்கள்.

"நான் ஒருத்தி பிரித்து என்ன பயன்? வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்!" என்பீர்கள். நியாயமான கேள்விதான். அப்படி நடந்தால் நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து போய் அதிகாரியைக் கேளுங்கள். பிரித்துக் கொடுத்தவர்களுக்குத்தான் அப்படிக் கேட்கும் தைரியம் வரும்.

நாளைக் காலையில் வாசலில் வண்டி மணி அடிக்கும்போது மூன்று பாத்திரங்களோடு நீங்களே போய் நில்லுங்கள். வாங்கிக்கொள்ளும் அம்மாளுக்கு ஒரு பெயர் உண்டு; அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.