முயலுக்குக் கொம்பு உண்டு

ஹெச்.பி.வி. என்கிற மனிதப் பாப்பிலோமா வைரஸ் வந்தவர்களில் பெரும்பாலோர் உடம்பு இரண்டு வருடத்துக்குள் அதை அடக்கிவிடும் என்று போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் தடுப்பூசி என்றும் சொல்லியிருந்தேன். நடுவில் ஒரு கடிதமும் ஒரு முயலும் வந்துவிட்டன.

கடிதம் சிதம்பரத்திலிருந்து. எழுதியவருக்கு நாற்பது தாண்டிவிட்டது, கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். கடலூரில் எடுத்த பரிசோதனையில் மனைவிக்கு ‘பாசிட்டிவ்’. இவர் சிங்கப்பூரைச் சந்தேகிக்கிறார், மாமியார் இவரைச் சந்தேகிக்கிறார். மாமியார் வரை அந்த அறிக்கை எப்படிப் போனது என்பது எனக்குத் தனிக் கவலை. “யார் கொண்டுவந்தது?” என்பதுதான் கேள்வி.

முயலைப் பார்த்துவிட்டு வருவோம். உலகத்தில் இல்லாத பொருளுக்கு நம் தர்க்கவாதிகள் காலங்காலமாகச் சொல்லும் உதாரணம் முயற்கொம்பு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்து வேட்டைக்காரர்களோ கொம்பு முளைத்த முயலைக் கண்ணால் கண்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரிச்சர்ட் ஷோப் என்ற மருத்துவர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகாமல், அந்த முயல்களின் கொம்பையே வாங்கிப் பார்த்தார். கறுத்துக் கெட்டியாகி நீண்ட மரு அது. அதை அரைத்து, பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து, நல்ல முயலின் தோலைக் கீறித் தடவினார். அங்கேயும் முளைத்தது! 1933இல் கட்டுரை வந்தது. அந்த மரு புற்றாகவும் மாறும் என்று அடுத்த சில வருடங்களில் பெய்டன் ரவுஸ் காட்டினார். மனிதப் பாப்பிலோமா வைரஸின் 16ஆம் ரகத்தை 1983இல் கருப்பைவாய்ப் புற்றில் கண்டுபிடித்து, 2008இல் நோபல் வாங்கிய ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு இந்த முயல்தான் முன்னோடி.

என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. வீட்டு முயலுக்குத் தடவியபோது மரு நன்றாகவே வளர்ந்தது. அந்த மருவை அரைத்து இன்னொரு முயலுக்குத் தடவினால் பெரும்பாலும் ஒன்றும் நடக்கவில்லை. மரு இருக்கிறது, வைரஸைக் காணோம்!

மனித வைரஸ் ஒளிவது இன்னொரு விதம். தோலின் அடி அடுக்கில், பரிசோதனைக்கு எட்டாத அளவில் வருடக்கணக்காகக் கிடக்கும். எதிர்ப்பு சக்தி தளரும்போது மறுபடி தலைகாட்டும். ஆகவே இன்றைய ‘பாசிட்டிவ்’ போன வருடத்ததா, கல்யாணத்துக்கு முந்தையதா, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று எந்த லேபாலும் சொல்ல முடியாது. அந்தக் காகிதத்தை வைத்து யார் மீதும் வழக்குப் போட முடியாது. யாருக்கும் நற்சான்று தரவும் முடியாது. கணவரையும் லேபுக்கு அனுப்பட்டுமா என்கிறார். ஆண்களுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட வழக்கமான ஹெச்.பி.வி. பரிசோதனையே இல்லை. காசு மிச்சம்.

கேட்க வேண்டிய கேள்வி, எந்த ரகம் என்பது. கருப்பைவாய்ப் புற்றில் சுமார் 70 சதவீதம் 16, 18 ஆகிய இரண்டு ரகங்களால் வருவது. அவை இருந்தால் தள்ளிப்போடாமல் கால்போஸ்கோப்பி, அதாவது கருப்பைவாயை உருப்பெருக்கிப் பார்க்கும் பரிசோதனை. மற்ற ரகமென்றால் பாப் ஸ்மியர் பார்த்து, அது சரியாக இருந்தால் வழக்கமாக ஒரு வருடம் கழித்து மறு பரிசோதனை. வைரஸ் புற்றாக மாற சாதாரணமாக 15, 20 வருடம் பிடிக்கும். அதற்குள் கண்டுபிடித்தால் போதும். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை செவிலியர்கள் வெறும் வினிகர் தடவிப் பார்த்தே இந்தப் புற்றால் சாகும் பெண்களை 35 சதவீதம் குறைத்தார்கள். ‘லான்செட்’ 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. தனியாக ஒரு வாரம் எழுத வேண்டிய கதை.

சிதம்பரத்து அம்மா, அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். மகளிர் நோய்ப் பிரிவுக்கு அறிக்கையோடு போங்கள். ரகம் என்னவென்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

தடுப்பூசி அடுத்த வாரம்.