மீன்தொட்டி தாங்கும் மரப்பீடம்

ஆய்வுகூடத்திலாயினும் வீட்டு விறாந்தையிலாயினும் பெரியதொரு கண்ணாடி மீன்தொட்டியை வைக்க விழைவோர், தொட்டியையும் மீனையும் பற்றி நெடிது ஆராய்வர். அதனைத் தாங்கும் பீடத்தையோ கையிற் கிடைத்த மேசையொன்றால் ஈடுசெய்துவிடுவர். மேசையும் உடனே முறிவதில்லை. மாதங்கள் சில கழிந்த பின்னரே அசையத் தொடங்கும்.

4 அடி நீளமும் 1½ அடி அகலமும் 1½ அடி உயரமுங் கொண்ட தொட்டியொன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கனவளவு 9 கன அடி. ஒரு கன அடி நீர் ஏறக்குறைய 28 கிலோகிராம் நிறையுடையதாதலின், நீர் மாத்திரமே 250 கிலோகிராமுக்கு மேலாகும். கண்ணாடியும் மணலும் கல்லுஞ் சேர 350 கிலோகிராமை அணுகும். வளர்ந்தோர் ஐவர் அறுவர் மேசைமீதேறி, இரவு பகலாய் இறங்காதிருப்பதற்கு இஃது ஒப்பாகும்.

இத்துணைப் பாரத்துக்கு மிகப் பருத்த கால்கள் வேண்டுமெனப் பலர் கருதுவர். 3 அங்குல அகலமும் 2 அங்குலத் தடிப்புமுள்ள நான்கு கால்கள் இருப்பின், அவற்றின் ஒவ்வொரு சதுர அங்குலமும் சுமப்பது 15 கிலோகிராம் அளவே. நல்ல மரம் தன் இழைவழியே இதனிற் பன்மடங்கு தாங்கும். கேடு வருவது பக்கவாட்டிலேயாம். நான்கு சட்டங்களை மூலைகளிற் பொருத்திய செவ்வகம், பக்கநீளங்கள் மாறாமலே சாய்ந்து இணைகரமாகலாம். மூன்று பக்கங்களுங் குறிக்கப்பட்ட முக்கோணமோ வேறு வடிவு கொள்ளாது. யூக்கிளிட்டின் முதலாம் நூலின் எட்டாந் தேற்றம் இதற்கு ஆதாரமாகும். ஆதலின் பின்புறத்திலும் இரு பக்கங்களிலும் மூலைவிட்டமாகச் சட்டமொன்று அறைதல், அன்றேல் பலகையால் மூடுதல் இன்றியமையாதது. யானறிந்த பாடசாலையொன்றிற் பருத்த தேக்குக் கால்களுடைய பீடம் இச்சட்டமின்மையாற் சரிந்தது. மாணவன் ஒருவன் தோள் சாய்த்ததே போதுமாயிற்று. நற்பேறாக எவருக்குங் காயமில்லை.

மேற்சட்டம் கால்களின் உச்சியிலேயே அமர்தல் வேண்டும். காலின் பக்கத்தில் மாட்டப்படின் பாரம் முழுவதையுந் திருகாணிகளே சுமக்கும். மரத்தின்மேல் மரமிருந்தாற் பாரம் நேரே நிலத்தைச் சேரும். அன்றியும் அச்சட்டத்தைக் குத்தாக நிறுத்துக. 4 அங்குலத்துக்கு 2 அங்குலச் சட்டம் படுக்கையாகக் கிடக்கையில் வளைவதன் நான்கிலொரு பங்கே, குத்தாக நிற்கையில் வளையும். கண்ணாடியோ சிறு வளைவையும் பொறாது.

மரத்தில் முதிரையுந் தேக்கும் நன்று. உலர்ந்த வேம்பும் போதும். பனை வைரம் கூரைக்குப் பெயர்பெற்றதாயினும், நார்மிக்கதாதலின் நுண்ணிய பொருத்துவேலைக்கு எளிதில் இணங்காது.

பீடம் முடிந்ததும் வெற்றுத் தொட்டியை ஏற்றி, 4 அங்குலம் நீர் விட்டு, நான்கு மூலைகளிலும் நீரின் உயரத்தை அளந்து பார்க்க. வேறுபாடு காணின் நீரை இறைத்துவிட்டுக் காலின்கீழ் ஆப்பு வைத்துச் சரிசெய்க. தொட்டிக்கும் பலகைக்கும் இடையே ஆப்புச் செருகுதல் ஆகாது. பாரம் அவ்வோரிடத்தே குவியக் கண்ணாடி வெடிக்கும்.