குறையுடைய பிள்ளைகளின் கல்வியும் பொதுப் பணமும்

பள்ளிக்கூடம் எல்லார்க்கும் பொது என்கிறோம். ஆனால் கண் தெரியாத பிள்ளையையும் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளையையும் வாயிலிலேயே திருப்பி அனுப்பிய காலம் நெடுநாளைக்கு முற்பட்டதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் பல மாநிலங்களின் வழக்கம் அதுவாகவே இருந்தது. 1975 நவம்பரில் அதிபர் ஃபோர்டு கையொப்பமிட்ட சட்டம் அதனை மாற்றிற்று. குறையுடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் தக்க கல்வியைக் கட்டணமின்றிப் பொதுப்பள்ளி தந்தாக வேண்டும். பிள்ளைக்கெனத் தனியே ஒரு கல்வித் திட்டத்தைப் பெற்றோரையும் உடன் வைத்து வகுத்தல் வேண்டும் என்றது அச்சட்டம். மிகுதிச் செலவுக்காக, மாணவர் ஒருவருக்கு ஆகும் சராசரித் தொகையில் நூற்றுக்கு 40 பங்கு வரை நடுவண் அரசு தரலாம் என்பதும் அதிற் கண்ட கணக்கே. அந்த 40 ஒருமுறையேனும் எட்டப்பட்டதில்லை!

சரி, பொதுப்பள்ளி தக்க கல்வி தரவில்லையெனின் என் செய்வது? தனியார் பள்ளியிற் சேர்த்த பெற்றோர்க்கு அச்செலவைத் திருப்பித் தரச் செய்யலாம் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புத்தான். ஆயினும் முதலில் கையிலிருந்து கட்டிவிட்டுப் பின்னர் வழக்காட வேண்டும். கூலி வேலை செய்யும் தகப்பனார்க்கு அது கைகூடுமா?

இவ்விடத்தில்தான் புளோரிடா மாநிலம் வேறொரு வழி கண்டது. 1999இல் சரசோட்டா வட்டாரத்தில் தொடங்கிய மெக்கே உதவித்தொகையில் முதலாண்டு சேர்ந்தோர் இருவரே. பின்னர் மாநிலம் முழுவதும் பரவி, பல்லாயிரவர்க்குப் பயன்பட்டது. ஜான் மெக்கே என்பார் அம்மாநில மேலவைத் தலைவராக இருந்தவர். அவர் மகளுக்கும் தனிக் கவனம் தேவைப்பட்டது. பொதுப்பள்ளியில் அப்பிள்ளைக்கு ஆகக்கூடிய தொகை, தனியார் பள்ளியின் கட்டணம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதனை அரசு தந்தது. கட்டணம் கூடுதலாயின் மிச்சம் பெற்றோர் பொறுப்பு. வழக்கு வேண்டுவதில்லை, பள்ளி பிடிக்கவில்லையென்றால் மாற்றிக் கொள்ளலாம்.

ஆசிரியப் பெருமக்கள் ஊன்றி நோக்க வேண்டியது இதற்கு அடுத்த செய்தி. உதவித்தொகை பெற்றுத் தனியார் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, 1975ஆம் ஆண்டுச் சட்டம் தந்த தனியுரிமையைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. தனிக் கல்வித் திட்டம் வகுக்க அப்பள்ளி கடமைப்பட்டதன்று. பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள மறுக்கவும் அதற்கு இடமுண்டு. பணத்தைக் கையில் வாங்கியவர், தம் வழக்குரிமையைக் கொடுத்துவிட்டு வாங்குகிறார் எனலாம். இதனைப் பெற்றோர் பலர்க்கு எவரும் சரிவர எடுத்துரைக்கவில்லை என்று அமெரிக்கப் பேரவையின் கணக்காய்வு அலுவலகம் 2017இல் அறிக்கை வெளியிட்டது. தெரிந்து விட்டுக்கொடுப்பது வேறு, தெரியாமல் இழப்பது வேறு அல்லவா?

வியப்பு யாதெனில், அதே 2017இல் அவ்வுரிமையின் மதிப்பு கூடிற்று. கொலராடோவைச் சேர்ந்த ஆட்டிசம் உடைய சிறுவனின் வழக்கில், பெயரளவு முன்னேற்றம் போதாது, பிள்ளையின் நிலைக்கேற்ற மெய்யான முன்னேற்றத்தை நோக்கியே கல்வித் திட்டம் அமைதல் வேண்டும் என உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. அத்தீர்ப்பு பொதுப்பள்ளியைக் கட்டும். மெக்கே உதவித்தொகையோ 2022இல் மற்றொரு திட்டத்தோடு இணைக்கப்பட்டு, பயிற்சி, கருவி முதலியவற்றுக்கும் செலவிடத்தக்க கணக்காக மாறிவிட்டது. அதனை ஏற்றுத் தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அத்தீர்ப்பின் துணை கிடையாது.