மாடியில் ஒரு ரூம் ஏத்தலாமா? கீழ்வீட்டிடம்தான் முதலில் கேட்கணும்

வேலப்பன்சாவடியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையை விட்டு உள்தெருக்களுக்குள் போனால், மொட்டை மாடிகளில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். ‘பையன் பெரியவனானா மேல ஒரு மாடி எடுத்துக்கலாம்’ என்று வீடு கட்டிய காலத்தில் விட்டுவைத்தவை. இப்போது பையனுக்குக் கல்யாணம். அல்லது ஆபீஸ் வேலை வீட்டுக்கே வந்துவிட்டதால், கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங் பேச ஓர் அறை வேண்டும். ‘அதான் கம்பி இருக்கே, ஏத்திடலாம்’ என்கிறார் மேஸ்திரி.

உண்மையிலேயே ஏத்திவிடலாமா?

ஒரு ரூம், 20 டன்

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைதான், சின்னது. ஆனால் 9 அங்குலச் செங்கல் சுவர், பத்தடி உயரத்தில், ஒவ்வோர் அடி நீளத்துக்கும் சுமார் 400 கிலோ வரும். நான்கு பக்கமும் சேர்த்து 44 அடி. கதவு, ஜன்னலைக் கழித்தாலும் சுவர் மட்டும் 15 டன்னைத் தாண்டும். மேலே 5 அங்குல ரூஃப் கான்கிரீட் போட்டால் இன்னும் நாலைந்து டன். ஆக, சின்ன ரூம் என்று நாம் சொல்வது கிட்டத்தட்ட 20 டன்.

ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டை மாடிக்குப் பொறியாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கூடுதல் சுமை, ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். அதாவது வடகம் காயப்போட, நாலு பேர் உட்கார்ந்து பேச. புதுச் சுவர் கீழ்ச்சுவருக்கோ பீமுக்கோ நேர் மேலே வந்தால், எடை நேராக அஸ்திவாரத்துக்கு இறங்கும். ‘ஹால் கொஞ்சம் பெருசா இருக்கட்டும்’ என்று சுவரை இரண்டடி தள்ளி வைத்தால், மொத்த பாரமும் ரூஃபின் நடுவில் உட்காரும். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ரூஃபாவது விரிசல் காட்டும், தொய்வு காட்டும். பில்லர் அப்படியில்லை; அளவுக்கு மீறிப் பாரம் ஏறினால் பெரிதாக எச்சரிக்காமலே நொறுங்கும். 2014 ஜூன் 28 அன்று, இங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளியுள்ள மவுலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். ஒரு மாடி வீட்டை அதோடு ஒப்பிட முடியாதுதான். ஆனால் தாங்கும் பாகங்கள் சரியாக இருக்கின்றனவா என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

கம்பி சாட்சி ஆகாது

நீட்டி நிற்கும் கம்பியை நம்புவதில் இரண்டு சிக்கல். பழைய கம்பியோடு புதுக்கம்பியைச் சேர்க்கக் குறிப்பிட்ட நீளம் ஒன்றோடொன்று படிந்திருக்க வேண்டும். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, விட்டத்தைப்போல் 50 மடங்கு. 16 மி.மீ. கம்பிக்கு 80 செ.மீ., அதாவது இரண்டரை அடிக்கு மேல். பல மாடிகளில் நிற்பதோ ஓர் அடி, ஒன்றரை அடி. அதிலும் வருஷக்கணக்கில் மழையில் நனைந்து துரு தின்ற பகுதியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இன்னொன்று, அந்தக் கம்பி பில்லரைப் பற்றித்தான் சொல்லும், அஸ்திவாரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. சென்னையின் மேற்குப் புறநகரில் வயலாக இருந்து மனையான இடங்கள் நிறைய. களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். அதனால் வீட்டோரம் ஓரிடத்தில் தோண்டி, அடித்தளம் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்று பார்ப்பதே முதல் வேலை. பில்லரே இல்லாமல் சுவரே பாரம் தாங்கும் வீடுகளும் உண்டு. அவற்றுக்கு இந்தச் சோதனை இன்னும் முக்கியம். கான்கிரீட்டின் வலுவை உடைக்காமலே சோதிக்கும் கருவிகள் வந்துவிட்டன. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்குக் கொடுக்கும் ஃபீஸ், டைல்ஸ் செலவோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை. ஆனால் பலரும் மிச்சம் பிடிக்க நினைப்பது அதில்தான்!

2002-இல் திருத்தப்பட்ட நிலநடுக்க விதி, சென்னையை 2-ஆம் மண்டலத்திலிருந்து 3-ஆம் மண்டலத்துக்கு ஏற்றியது. அதற்கு முந்தைய வீடென்றால் இன்ஜினியரிடம் இதையும் கேளுங்கள்.

எடையைக் குறைக்க வழி உண்டு. ஏஏசி பிளாக் செங்கல்லில் மூன்றில் ஒரு பங்கு எடைதான். இரும்புச் சட்டமும் ஷீட்டும் இன்னும் லேசு. ஆனால் வெயிலில் வேகும், காற்றில் பறக்கும். 2016 டிசம்பர் வர்தா புயலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பரண் போட்டால் போதாதா?

சாமான் வைக்க என்றால் தாராளமாகப் போடலாம். படுக்க, வேலை செய்ய என்றால் பத்தடி உயர அறையில் கணக்கு ஒத்துவராது. மனிதர் வாழும் அறைக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் குறைந்தபட்ச உயரமே 2.75 மீட்டர், சுமார் 9 அடி. பின்னால் சேர்க்கும் பரணை நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் சொருகுவதும் ஆபத்து.

நகராட்சியில் என்ன கேட்பார்கள்?

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. பழைய வீட்டின் மேல் மாடி சேர்ப்பது வேறு கதை. கீழ்த்தளம் ஒப்புதல் வரைபடப்படி இருக்கிறதா, பக்க இடைவெளி விட்டிருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். 2019 கட்டட விதிகளின்படி சாதாரண வீடுகளுக்கு மனைப்பரப்பைப்போல் 2 மடங்கு வரை கட்டலாம். ஆனால் இடைவெளி போக மிஞ்சுவதுதான் உண்மையான அளவு. வேலையைத் தொடங்கும் முன்பே வரைபடத்தோடு நகராட்சியில் பேசிவிடுவது நல்லது. கட்டி முடித்ததும் சொத்து வரியும் கூடும்.

வங்கியும் அதே வரைபடத்தைத்தான் கேட்கும். பத்திரம் அப்பா பெயரில், கடன் மகன் பெயரில் என்றால் அப்பாவும் கூட்டு விண்ணப்பதாரராகக் கையெழுத்துப் போட வேண்டி வரும். அக்கா, தங்கை இருக்கும் வீட்டில், மாடிக்குப் பணம் போட்டவருக்கு நாளைக்கு என்ன உரிமை என்பதையும் செங்கல் இறங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இந்த வருஷம் கட்டவில்லை என்றால், மேலே நிற்கும் கம்பிகளை அப்படியே விடாமல், துருவைச் சுரண்டிவிட்டு மெலிந்த கான்கிரீட்டில் மூடிவையுங்கள். கட்டும்போது அதை உடைத்து எடுத்துவிடலாம்.